பழங்கதைக்குப் புதிய மலை

பழங்கதை பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவதன்று. அதைச் சொல்லுவோர் எங்கே குடியேறுகின்றனரோ, அங்கே அதுவும் குடியேறுகின்றது. கேட்கும் பிள்ளையின் கண்ணெதிரே நிற்கும் மலையும் தெருவும் கதைக்குள் புகுந்துவிட்டால், பன்னூறு ஆண்டுகட்கு முந்திய வீரனும் அப்பிள்ளைக்கு அயல்வீட்டுத் தோழனாகிவிடுகின்றான். இதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஒன்று அமெரிக்காவில் எழுந்த இளைஞர் நவீனம். மற்றொன்று பதுளை மலைத்தோட்டங்களில் விடிய விடிய ஆடப்பெற்றுவரும் கூத்து.

ரிக் ரயோர்டன் என்பார் அமெரிக்கப் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். அவர் மகனுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பது பெருந்துன்பம். ஓரிடத்தில் அமைதியாக அமர்வதும் அரிது. ஆயினும், கிரேக்கப் பழங்கதை என்றால் சிறுவன் செவி சாய்ப்பான். தெரிந்த கதைகளெல்லாம் தீர்ந்தபோது, புதிதாக ஒன்று சொல்லும்படி அவன் கேட்டான். அவனுக்காகத் தந்தை கட்டிய கதையே, 'மின்னல் திருடன்' என்று பொருள்படும் பெயருடன் 2005 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

அக்கதையின் தலைவன் பேர்சி ஜக்சன், பன்னிரண்டு வயதினன். பாடசாலைகளால் வெளியேற்றப்பட்டவன், ஏட்டைத் திறந்தால் எழுத்துகள் அவன் கண்முன் கூத்தாடும். அவனே கடற்றெய்வமாகிய பொசைடனின் மைந்தன் என்பது பின்னர் தெரியவருகின்றது. நம் இந்திரனின் வச்சிரம் போன்றது வானரசன் சீயஸின் மின்னற்படை. அது களவுபோக, பழி இச்சிறுவன்மேல் விழுகின்றது. அதனை மீட்க அவன் பாதாளம்வரை செல்கின்றான். தேவர் வாழும் ஒலிம்பசு மலை இந்நூலில் நியூயோர்க் நகரத்து வானளாவிய கட்டடமொன்றின் அறுநூறாவது மாடியில் இருக்கின்றது. பாதாளத்தின் வாயிலோ லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில். எழுத்துகள் தடுமாறுவதற்கும் ஆசிரியர் ஒரு காரணம் காட்டுகின்றார்: சிறுவனின் மூளை பண்டைக் கிரேக்க மொழிக்கென அமைந்தது, அவன் துடிதுடிப்பு போர்க்களத்து வீரனின் விழிப்பு. குறையென்று உலகம் இகழ்ந்தது, கதையிலே வலிமையாகின்றது. 2010 இல் தொடங்கிய அடுத்த நூல்வரிசையில் உரோமத் தெய்வங்களும் வந்து சேர்ந்தன.

இத்தகைய வீரர் ஊவா மலைகளுக்குப் புதியவரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டினின்று வந்த மக்கள், மூட்டை முடிச்சுகளோடு காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கர் கதையையும் சுமந்துவந்தனர். பொன்னரும் சங்கரும் கொங்கு நாட்டு உடன்பிறந்தார். வேடர் ஏவிய கொம்பன் என்னும் காட்டுப்பன்றி பயிரையெல்லாம் அழிக்க, அவர்கள் அதனை வேட்டையாடுகின்றனர். பின்னர் போர் மூண்டு இருவரும் மாள்கின்றனர். தங்கை தங்காள் காட்டினூடே தேடிச்சென்று, தெய்வ அருளால் அவர்களை எழுப்புகின்றாள்.

கிரேக்கரும் உரோமரும் போற்றிய இரட்டையர் காஸ்டர், பொலக்சு என்போர். அவரும் கலிடோன் நாட்டை அழித்த கொடும்பன்றியை வேட்டையாடச் சென்றவர்களே. காஸ்டர் மாண்டபோது, பொலக்சு தன் சாவாமையையே அவனோடு பகிர்ந்துகொண்டான். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. காட்டை வெட்டிக் கழனியாக்கிய மாந்தர்க்கெல்லாம் காட்டுப்பன்றி பகையே. உடன்பிறப்பின் சாவு எங்கும் தாங்கொணாததே.

ஆயினும் தோட்டத்துப் பொட்டலில் இக்கதைக்குத் தனிப்பொருள் ஒன்று இருந்தது. காலையில் பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடும்போது கைகட்டி நின்றவன், இரவில் தப்பு முழங்க வாளேந்தி நாடாள்பவனாக நின்றான். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலார் குடியுரிமையற்றவராயினர். 1964 இல் எழுந்த இலங்கை இந்திய உடன்படிக்கை பல குடும்பங்களைக் கடல்கடந்து பிரித்தது. எஞ்சியிருந்தோர்க்கு 2003 இலேதான் சட்டம் வழிதிறந்தது. நாடில்லை என்று ஏடு சொல்லிய காலத்திலும், கூத்து அவர்களுக்கு ஒரு நாட்டைத் தந்தது. லயத்துப் பிள்ளை அதனைத் தாயின் மடியிலிருந்தே கண்டு வளர்ந்தது.

வாய்மொழிக் கதை நூலாகாது என்று எண்ணுவது பொருந்தாது. 1965 இல் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் இக்கதையைக் கொங்கு நாட்டிலே பாடக்கேட்டு ஒலிநாடாவிற் பதித்தார். அது பின்னர் நூலாயிற்று. சிறுவர்க்கான இயங்கோவியத் தொடருமாயிற்று.

வாசிப்பிலே தடுமாறும் மாணவன் ஒருவன் கூத்தின் நீண்ட பாட்டுகளைப் பிழையின்றிச் சொல்லக்கூடும். அவனை மந்தன் என்று ஒதுக்குமுன் ஆசிரியர் சற்றே நின்று கேட்டல் நன்று. கொம்பன் நமுனுகுல மலைச்சரிவில் தேயிலை நிரைகளை முறித்துக்கொண்டு இறங்கட்டும். தங்காள் தெமோதரைப் பாலத்தருகே அண்ணன்மாரைத் தேடட்டும். அவ்வாறு எழுதிவா என்று சொன்னால், அம்மாணவன் எழுதுகோலை எடுப்பான். அமெரிக்கத் தந்தை ஒருவர் தம் மகனுக்காகச் செய்தது அவ்வளவே. ஊவாவின் மலைகளும் கதைக்கு இடங்கொடுக்கக் கூடியவையே.