அணையின் தரமும் அபாயமும்

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் விடுமுறை நாளில் நெய்யாறு அணைக்குச் சென்று படகேறி மகிழ்வதுண்டு. 1958-இல் முடிக்கப்பட்ட அவ்வணை கற்கட்டு. வயநாட்டின் பாணாசுர சாகரமோ மண்ணணை. நம் ஊர் ஏரிக்கரையும் அவ்வினமே.

மண்ணணைக்குப் பகை இரண்டு. கலிங்கு போதாமல் வெள்ளம் கரைமேல் வழிந்தால் மண் அரிக்கப்படும். கசியும் நீர் மண்ணையும் உடன்கொண்டு வந்தால் கரைக்குள் துளை விழும். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண்ணணை இரவில் உடைந்து பல உயிர்களைக் கொண்டது. கசிவு குறித்து ஊரார் முன்னரே முறையிட்டிருந்தனர்.

அணைகளை இருவகையாகத் தரப்படுத்துவர். ஒன்று குறையின் அளவைக் கூறும்: உடைப்புக்கு இடந்தருவது முதல் வகை, விரைந்து செப்பனிட வேண்டிய பெருங்குறை இரண்டாம் வகை, சிறு பழுது மூன்றாம் வகை. மற்றொன்று, அணை உடைந்தால் கீழே நேரக்கூடிய இழப்பைக் கூறும். ஆகவே 'பேரபாய அணை' என்பது வலுவிழந்த அணை என்று பொருள்படாது. உறுதியான அணையும் ஊருக்கு மேலே நின்றால் அப்பெயர் பெறும்.

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுள் சிலவற்றையும் ஆள்கிறது. மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் அவற்றை ஆய்தல் கடமை. அதனினும் சிறிய கரைகள் அதன் எல்லைக்குள் வாரா. அங்கே ஊராரின் கண்ணே முதற்காவல். கரையடியில் கலங்கிய நீர் கசியக் கண்டால், அன்றே அதிகாரிகளுக்கு அறிவித்தல் நம் கடமையாகும்.