கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் ஜார்ஜ் டவுன் நகரத்துக் கிறிஸ்தவ இல்லங்களுக்குச் சென்று பார்த்தால், முந்திய நாளின் களிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். வாசலில் காகித நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். முறுக்கும் அதிரசமும் தகர டப்பாவில் மீந்திருக்கும். ஆனால் வீட்டார் முகத்தில் ஒருவகை வாட்டம். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் திரும்பிப் பேருந்து ஏறத் தொடங்கிவிடுவார்கள். மலேசியாவில் அந்நாள் பொது விடுமுறையும் அன்று.

இவ்வாட்டம் பக்திக் குறைவின் அடையாளம் என்று எண்ணித் தம்மைத் தாமே கடிந்துகொள்வோர் உண்டு. அவ்வெண்ணம் சரியன்று. திருவருகைக் காலத்தின் நான்கு வாரமும் மனம் எதிர்பார்ப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு கண்விழித்துக் கீதபவனி, பலகாரம் சுடும் வேலை, துணிமணிச் செலவு, பிறகு நள்ளிரவு ஆராதனை, விடிந்ததும் திறந்த இல்ல உபசரிப்பு! எதிர்பார்த்த நாள் வந்து போனதும் அந்த ஊக்கம் தளர்கிறது. அடக்கி வைத்திருந்த உடற்களைப்பு அப்போதுதான் தலை தூக்குகிறது. கல்யாணம் நடத்தி முடித்த வீட்டார் யாவரும் இதனை அறிவர். அவ்வாண்டு ஒருவரைப் பறிகொடுத்த குடும்பமாயின், விழாச் சந்தடியில் மறைந்து நின்ற துக்கமும் வெறுமையான நாற்காலியும் மறுநாளே கண்ணுக்குத் தெரிகின்றன.

விவிலியத்திலேயே இதற்கு ஒப்பான வரலாறு ஒன்று இருக்கிறது. கர்மேல் மலையில் பெருவெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்து வந்த மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடினார். ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டினார். வெற்றிக்குப் பின்னர்தான் இத்தனை சோர்வு! அங்கு நடந்ததை நாம் கூர்ந்து கவனித்தல் வேண்டும். அவருக்குக் கண்டனமும் வரவில்லை, பிரசங்கமும் வரவில்லை. தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தான். உண்டார், மறுபடியும் உறங்கினார், மறுபடியும் உண்டார். ஓரேப் மலையில் மெல்லிய குரல் கேட்டதும், ஆற்றவேண்டிய பணியும் துணையாக எலிசாவும் வாய்த்ததும் அதற்குப் பின்னரே. ஆன்மிக அறிவுரைக்கு முன் உணவும் உறக்கமும் என்னும் இவ்வரிசையை நம் போதகர்களிற் சிலர் மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

திருச்சபை நாட்காட்டியும் துணை செய்கிறது. கடைத்தெரு டிசம்பர் 25-உடன் விழாவை முடித்துக்கொள்கிறது. சபையோ அன்றுதான் தொடங்குகிறது. கி.பி. 567-இல் பிரான்சு நாட்டுத் தூர் நகரில் கூடிய சங்கம், கிறிஸ்து பிறப்பு முதல் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரையுள்ள நாட்களைத் தொடர்ந்த விழாக்காலமாகக் கொண்டது. இன்றைய கத்தோலிக்க முறையில் இக்காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. ஆகவே மறுநாளே குடிலைக் கலைத்துப் பெட்டியில் அடைக்க வேண்டிய அவசரம் ஏதுமில்லை.

இன்னும் வியப்பானது, அந்நாட்களுக்குச் சபை தேர்ந்த பெயர்கள். 26-ஆம் நாள் கல்லெறிபட்டு மாண்ட ஸ்தேவானுக்கு உரியது; தமிழ்க் கத்தோலிக்க முன்னோர் அவரை முடியப்பர் என்று அழகாக அழைத்தனர். 28-ஆம் நாள் ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளுக்கு உரியது. தொட்டிலுக்கு அருகிலேயே துயரத்துக்கும் இடம் விடப்பட்டிருக்கிறது.

அவ்விடம் எத்துணைத் தேவையானது என்பதைப் பினாங்கு 2004-இல் கண்டது. அவ்வாண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, நண்பகலுக்குப் பின் இத்தீவின் கரையை வந்து தாக்கியது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கு மாநிலத்தில் இறந்தவர்கள்; விடுமுறை நாளில் கடற்கரைக்கு வந்திருந்த குடும்பத்தார் அவர்களிற் பலர். வேளாங்கண்ணியில் விழாவுக்கு வந்திருந்த யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அத்தகைய இழப்புடையோரிடம் சென்று மகிழ்ந்திருங்கள் என்று கூறுதல் கொடுமை. உடன் அமர்ந்திருப்பதே போதும்.

ஏனையோருக்கு எளிய வழிகள் உள. முதலில் நன்றாக உறங்குவது. மிஞ்சிய பலகாரத்தைத் தனித்து வாழும் முதியவர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது. அவர் வீட்டுக்கு 25-ஆம் நாள் பலர் வந்திருப்பர், 27-ஆம் நாள் எவரும் வரார். மேய்ப்பர்கள் திரும்பிச் சென்றதை லூக்கா எழுதுகிறார். பழைய வேலைதான், துதித்துக்கொண்டே திரும்பினார்கள். மரியாளோ கண்டவற்றையெல்லாம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தாள். இரண்டும் நமக்கு ஏற்றவையே. அவரவர் இயல்புக்குத் தக்கதைக் கொள்ளலாம்.

விழாச் சோர்வு பெரும்பாலும் சில நாட்களில் தானே தணியும். இரண்டு வாரம் கடந்தும் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நீடித்தால் அது வேறு நோய். மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலியாவைப்போல் உயிரையே வெறுக்கும் எண்ணம் தோன்றினால், இரண்டு வாரம் காத்திராமல் அன்றே செல்ல வேண்டும்.