மூக்குப்பொடியின் மணமும் சுங்கான் புகையின் மணமும்

நாற்றம் என்னும் சொல் இந்நாளில் தீய வாடையையே குறிப்பினும், பழந்தமிழில் அது நறுமணத்திற்கும் உரியதாயிருந்தது. ஒரு பொருளின் மணம் அப்பொருளை மட்டுமன்றி, அது மூக்கை அடையும் வழியையும் பொறுத்தது. இதற்குப் புகையிலை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஒரே செடியின் இலை பொடியாகும்போது ஒரு மணமும், சுங்கானிற் புகையும்போது பிறிதொரு மணமும் தருவது எங்ஙனம்?

பொடியிடுதலும் புகைத்தலும் அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து ஐரோப்பியர் கற்ற வழக்கங்களாம். லிஸ்பனிற் பிரான்சியத் தூதராயிருந்த ஜான் நிக்கோ 1560ஆம் ஆண்டளவில் புகையிலையைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். நிக்கொற்றீன் என்னும் பெயர் அவர் பெயரினின்றும் பிறந்தது. 1702ஆம் ஆண்டில் ஸ்பானியரோடு நிகழ்ந்த கடற்போரில் ஆங்கிலேயர் பெருந்தொகையான பொடியைக் கைப்பற்றிய பின்னர், இங்கிலாந்திற் பொடி வழக்கம் பெருகிற்று.

பொடி எரிக்கப்படுவதன்று. பதப்படுத்திப் புளிக்கவைத்த இலை நுண்ணிதாக அரைக்கப்பட்டு ஈரமூட்டப்படுகின்றது. மூக்கின் வெம்மையிலும் ஈரத்திலும் ஆவியாகும் பொருள்களே அதன் மணமாகின்றன. இலை பதப்படுங்கால் அதிலுள்ள மஞ்சள் நிறப் பொருள்கள் சிதைந்து, மலரையும் உலர்கனியையும் நிகர்த்த மணப்பொருள்களாக மாறுகின்றன. இம்மென்மணங்கள் பொடியிற் பெரிதும் எஞ்சுகின்றன. சேர்க்கப்படும் பன்னீர்ப்பூ நெய், பேகமொற் எண்ணெய், கர்ப்பூரம் ஆகியனவும் தத்தம் இயல்பு கெடாதிருக்கின்றன. ஆயின், பொடியிட்டவுடன் தோன்றும் உறைப்பு மணமன்று. நிக்கொற்றீனும் அமோனியாவும் முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பைத் தாக்குவதனாலேயே அவ்வுறைப்பும் தும்மலும் உண்டாகின்றன.

சுங்கானிலோ மணத்தை ஆக்குவதும் அழிப்பதும் நெருப்பேயாம். மென்மணப் பொருள்களுட் பல எரிந்தொழிய, இலையிலுள்ள வெல்லமும் நைதரசன் சேர்ந்த பொருள்களும் வெப்பத்தால் ஒன்றோடொன்று தாக்கமுற்று, வறுத்த கோப்பியினதும் சுட்ட பாணினதும் மணத்தை யொத்த புதுமணங்களைப் பிறப்பிக்கின்றன. வெல்லம் மிகுந்த வேர்ஜினியா இலையின் புகை இனிமை கலந்தது. சிரியா, சைப்பிரஸ் ஆகிய நாடுகளுக்குரிய லற்றாக்கியா இலையோ விறகுப் புகையிற் பதப்படுத்தப்படுவதாதலின் அப்புகையின் மணத்தையே தாங்கி நிற்கும். யாழ்ப்பாணத்தில் மெல்லும் புகையிலைக்குப் புகையூட்டும் முறையை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

மற்றுமொரு வேறுபாடும் உண்டு. பொடியின் மணம் பெரும்பாலும் இடுபவனுக்கே உரியது. சுங்கானின் மணத்தை அருகிருப்போரே நன்கு உணர்வர். புகைப்பவனுக்கு அது வாயினூடாக அண்ணத்தின் பின்வழியே மூக்கையடைந்து சுவையோடு கலந்துவிடுகின்றது. இடையறாப் பழக்கத்தால் மூக்கும் மழுங்குகின்றது.

மணத்தையறியும் மூக்கு தீங்கையும் அறியுமோ எனின், அறியாது. மணமுணரும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் வெளிப்படுத்திய லிண்டா பக், றிச்சட் அக்செல் ஆகியோர் அதற்கென 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதனிடத்து ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள. எனினும், புகையிலுள்ள காபனோரொட்சைட்டை அவற்றுள் எதுவும் காட்டிக்கொடுப்பதில்லை. அது மணமற்ற நஞ்சு. பொடியிலுள்ள நைத்திரோசமீன்களும் நறுமணத்தின் மறைவிலேயே உடலிற் புகுகின்றன. புகைக்கும் புகையிலை, புகையிலாப் புகையிலை ஆகிய இரண்டையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவை என்னும் முதலாந் தொகுதியிலேயே வைத்துள்ளது.

ஆதலின், இவற்றின் மணவேறுபாடு அறிவியலாற் சுவைத்து ஆராய்தற்குரியது. மணத்தின் இனிமை கொண்டு பொருளின் நன்மையைத் துணிதல் அறிவுடைமையாகாது.