மின்சார மேளம்

மாலை ஆறரை மணி. தெருக்கோடிக் கோயிலில் தீபாராதனை. திரை விலகியதும் "டம், டம், டம்" என்று முரசு அதிர்கிறது. கூடவே மணி, ஜால்ரா. நான்கு பேர் நின்று வாசிப்பது போன்ற முழக்கம்! ஆனால் அங்கே அடிப்பவர் ஒருவரும் இல்லை. சுவரோரம் இரும்புச் சட்டத்தில் ஒரு கருவி தானாக இயங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் மின்சார மேளம். நம் பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தோழியர் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எப்போதாவது எட்டிப் பார்த்ததுண்டா? வாருங்கள், காண்போம்.

முதலில் மோட்டார். நம் நாட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டார் ஒன்று நிமிடத்திற்கு ஏறத்தாழ 1440 முறை சுற்றும். அந்த வேகத்தில் முரசை அடித்தால் தாளமாகக் கேட்காது, இரைச்சலாகவே கேட்கும். ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். உதாரணமாக, மோட்டாரில் 2 அங்குலச் சக்கரமும், பெல்ட் போட்டு இணைத்த மறு சக்கரம் 12 அங்குலமுமாக இருந்தால், வேகம் ஆறில் ஒரு பங்காகி 240 ஆகும். இன்னொரு ஜோடிச் சக்கரத்தால் அதை நான்கில் ஒரு பங்காக்கினால் 60. அதாவது விநாடிக்கு ஒரு சுற்று. வேகம் குறையக் குறையச் சுழற்றும் வலு கூடுகிறது. முரசுக் கோலைத் தூக்க அந்த வலு தேவை அன்றோ?

இப்படி மெதுவாகச் சுழலும் தண்டுதான் இக்கருவியின் உயிர்நாடி. அதில் சிறு முளைகள் பொருத்தப்பட்டிருக்கும். கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போல நடுவில் தாங்கப்பட்ட நெம்புகோல் ஒன்று அருகில் இருக்கும். சுழன்று வரும் முளை அதன் வாலை அழுத்தும். தலையிலுள்ள கோல் உயரும். ஒரு ஸ்பிரிங் இழுபடும். முளை தாண்டிச் சென்றதும் ஸ்பிரிங் கோலைச் சட்டென்று இழுக்க, முரசில் ஓர் அடி விழும். ஊருக்கு ஊர் அமைப்பு சிறிது மாறினாலும் அடிப்படை இதுவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அடித்த கோல் தோலின்மேலேயே தங்கிவிட்டால் அதிர்வு அடங்கி, ஓசை மொத்தென்று செத்துவிடும். ஆகவே கோல் ஓய்ந்து நிற்கும் இடம் தோலுக்குச் சற்று மேலேயே இருக்குமாறு வைப்பார்கள். வேகத்தால் மட்டுமே அது தோலைத் தொட்டு மீளும். மாதா கோயில் கடிகார மணியை அடிக்கும் சுத்தியலுக்கும் இதே விதிதான்.

இனித் தாளம் எங்கிருந்து வருகிறது? முளைகளின் இடைவெளியிலிருந்துதான்! ஆதி தாளத்திற்கு எட்டு அட்சரம். ஒரு வட்டத்தின் 360 பாகையை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 45 பாகை. எட்டு இடத்திலும் முளை வைத்தால் எட்டு அடி. ஒன்றை எடுத்துவிட்டால் அங்கே மௌனம். மூன்றே முளைகளை 120 பாகை இடைவெளியில் வைத்தால் மும்மூன்றாக விழும். முரசுக்கு ஒரு வரிசை, மணிக்கு ஒரு வரிசை, ஜால்ராவுக்கு ஒரு வரிசை என ஒரே தண்டில் அமைத்தால் மூன்றும் ஒன்றோடொன்று பிசகாமல் ஒலிக்கும். மோட்டாரின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் முளைகளின் இடைவெளி மாறாது; ஆகவே தாளக்கட்டும் மாறாது.

இந்த யோசனை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1206-ஆம் ஆண்டில் அல் ஜசாரி என்ற அறிஞர், படகில் அமர்ந்து வாத்தியம் வாசிக்கும் பொம்மைகளைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். அங்கே மோட்டாருக்குப் பதில் தண்ணீர். முளை பதித்த தண்டு அப்போதே உண்டு! 1959-இல் அமெரிக்காவின் உர்லிட்சர் நிறுவனம் 'சைடுமேன்' என்ற தாள இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் மோட்டார் ஒரு கையைச் சுழற்றும். கீழேயுள்ள வட்டத் தட்டில் முளைகளுக்குப் பதிலாக உலோகப் புள்ளிகள். கை ஒரு புள்ளியைத் தொடும்போதெல்லாம் மின்சாரம் பாய்ந்து, வால்வுகள் மேள ஓசையை எழுப்பும். கோல் போய்ப் புள்ளி வந்தது. வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. பின்னர் டிரான்சிஸ்டர்கள் வந்து, சுழலும் தட்டையும் வேண்டாததாக்கின. பெங்களூரில் ரேடல் நிறுவனம் உருவாக்கிய மின்னணுத் தபலா அந்த வழியில் வந்ததே.

ஆயினும் நம் ஊர் மின்சார மேளம் உண்மைத் தோலையும் உண்மை வெண்கலத்தையும் அடித்தே ஒலிக்கிறது. ஒரு கையில் தீபமும் மறு கையில் மணியுமாக நிற்கும் தனி அர்ச்சகருக்கு அது பெரும் துணை. மேளக்காரருக்குச் சம்பளம் தர இயலாத சிறு கோயில்களில் பூசை நேரத்தை ஊருக்கு அறிவிப்பதும் அதுவே.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் பகுதியைப் புரட்டிப் போட்டது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல நாள் மின்சாரமில்லை. எங்கள் தெருக் கோயிலின் மின்சார மேளமும் ஊமையாயிற்று. ஒரு மாலை, முன்பு அங்கே முரசு அடித்துவந்த தாத்தா ஒருவர் வந்து கோலைக் கையிலெடுத்தார். தீபம் மேலெழும்போது அவர் அடி விரைந்தது. தீபம் தாழும்போது தணிந்தது. அர்ச்சகர் ஒரு கணம் நின்றால் அவரும் நின்றார். அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இயந்திரத்திற்கு எண்ணத் தெரியும். பார்க்கவும் கேட்கவும் தெரியாது.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் பிறந்தது நம் தஞ்சைத் தரணி. நாகஸ்வரக்காரரின் மூச்சைக் கவனித்து, அடுத்த அடியை அந்தக் கணத்திலேயே தீர்மானிக்கும் கலை அது. எந்தத் தண்டிலும் அதற்கு முளை வைக்க முடியாது.

தோழியரே! மின்சார மேளத்தைக் கண்டால் கேலி செய்ய வேண்டாம்; அதன் சக்கரங்களையும் முளைகளையும் எண்ணிப் பாருங்கள், கணக்கும் பௌதிகமும் கண்முன்னே சுழலும். அத்துடன், உங்கள் தெருவில் மேளம் அடிக்கத் தெரிந்த முதியவர் இருந்தால், ஒரு நாள் அவரருகே அமர்ந்து கேளுங்கள். இயந்திரம் பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைப்பார். அவர் கைப்பழக்கத்தை நாம் கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?