பதிவுக்குள் முகவரி மட்டும் இருக்கட்டும்

2007 வாக்கில் வேர்ட்பிரஸ் பதிவில் ஒரு யூடியூப் வீடியோ வைப்பதென்றால் பெரும்பாடு. யூடியூப் தரும் நீளமான கோடை அப்படியே காப்பி செய்து எடிட்டரின் எச்டிஎம்எல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். 425 பிக்சல் அகலம், ஃபிளாஷ் பிளேயர் எல்லாம் அந்தக் கோடுக்குள்ளேயே இருக்கும். ஒட்டியது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ‘விஷுவல்’ பக்கத்துக்கு ஒருமுறை போய்வந்தால் போச்சு. டைனிஎம்சிஇ எடிட்டர் தனக்குப் பிடிபடாத டேகுகளை வெட்டி எறிந்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து ஒட்ட வேண்டும்.

இந்தத் தொல்லைக்காகவே, வெளித்தள வீடியோவைப் பதிவுக்குள் காட்டும் எம்பெட் பிளகின்கள் வந்தன. 2008 மார்ச்சில் வந்த 2.5 பதிப்பில், சதுர அடைப்புக்குறிக்குள் சுருக்கமாக எழுதும் ஷார்ட்கோடு வசதி கிடைத்ததும் வேலை குறைந்தது. ஆனால் பிளகினில் புதிதாக ஒரு வீடியோ தளத்தைச் சேர்க்க நினைப்பவருக்குக் குறையவில்லை. முகவரியிலிருந்து வீடியோ எண்ணைப் பிரித்தெடுக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், வீடியோ பெட்டியை வரைய பிஎச்பி, எடிட்டரில் பட்டன் வைக்கத் தனியாக ஜாவாஸ்கிரிப்ட் என்று மூன்றையும் எழுதியாக வேண்டும். அந்தத் தளம் தன் பிளேயரை மாற்றினால் நம் கோடையும் மாற்ற வேண்டும். பிளகினை நிறுத்திவிட்டாலோ, பழைய பதிவுகளிலெல்லாம் சதுர அடைப்புக்குறிகள் பல்லிளிக்கும்.

2008-ல் ஓஎம்பெட் என்ற பொது நெறிமுறை வந்தது. 2009 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 2.9 அதை உள்ளே சேர்த்துக்கொண்டது. இன்று முகவரியைத் தனி வரியில் ஒட்டினால் போதும். வேர்ட்பிரஸ் அந்தத் தளத்திடமே கேட்டு, அது தரும் பிளேயரைக் காட்டிவிடும். ஓஎம்பெட் தெரிந்த புதிய தளத்தைச் சேர்ப்பதும் ஒரே வரிதான்: முகவரி எப்படி இருக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற இரண்டைச் சொன்னால் போதும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. 2018-ல் பிளாக் எடிட்டர் வந்த பிறகும், எம்பெட் பிளாக்கின் கோடைத் திறந்து பார்த்தால் உள்ளே அந்த முகவரிதான் வெறுமனே கிடக்கும். பிளேயர் அங்கே இல்லை. 2020 முடிவில் ஃபிளாஷ் நின்றபோது, பழைய கோடை ஒட்டிய பதிவுகள் அந்த ஃபிளாஷையே நம்பிக் கிடந்தன. முகவரியை மட்டும் வைத்திருந்த பதிவுகளுக்கு யூடியூப் புதிய பிளேயரையே கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அனுமதி டோக்கன் இல்லாமல் எம்பெட் தர மறுத்தன. வேர்ட்பிரஸ் அவற்றைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. எம்பெட் கிடைக்காத இடத்திலும் முகவரி வெறும் எழுத்தாகவாவது நின்றது. வாசகர் அதைக் காப்பி செய்து அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எம்பெட் பிளகினை விரிவாக்க உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திரையில் எப்படி வேண்டுமானாலும் காட்டுங்கள். பதிவுக்குள் முகவரியை மட்டும் சேமியுங்கள்.