ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரி: காலநிலைப் பேச்சுவார்த்தைக்குத் தயாராவது எப்படி?

மழைக்காலத்துல கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போயிருக்கீங்களா? ஷட்டரைத் திறந்தா தண்ணியோட சேர்ந்து நுரையும் பொங்கி வரும். சில நாள் தரைப்பாலமே தெரியாத அளவுக்கு மூடிடும். வெளியூர்ப் பசங்க அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்பாங்க. அதே தண்ணியைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுறவருக்கு அது வேடிக்கை இல்லை. பெங்களூரில் சரியாகச் சுத்திகரிக்காமல் விடும் கழிவுநீர், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி தென்பெண்ணையில் கலக்கிறது. டிடர்ஜென்ட்டும் ஆலைக் கழிவும் சேர்ந்த அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வந்து நிற்கும் அணை நம்முடையது.

காலநிலை மாநாட்டைப் பத்தி எழுத உட்கார்ந்துட்டு ஏன் நுரையைப் பேசுறேன்னு கேட்பீங்க. ஐ.நா. காலநிலை மாநாட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே வழக்குதான். ஒருத்தர் விட்ட அழுக்கு இன்னொருத்தர் வாசலில் கிடக்கும். ரெண்டு பேரும் பக்கத்து வீட்டை மாத்திக்க முடியாது. இங்கே ரெண்டு மாநிலம். அங்கே கிட்டத்தட்ட 200 நாடு.

அங்கே நம்ம ஊர்ப் பிள்ளைகள் போக முடியுமான்னு சந்தேகப்பட வேண்டாம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னாடி பேசிய வினிஷா உமாசங்கர், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி. கரி போட்டு இஸ்திரி தேய்க்கும் வண்டியைச் சூரிய சக்தியில் ஓட வைக்கும் வடிவமைப்புக்காக எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தவர். ஒடிசாவின் அர்ச்சனா சோரெங், 2020-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த ஏழு பேர் கொண்ட இளைஞர் ஆலோசனைக் குழுவில் ஒருவர்.

ஆனா மேடையில் பேசுறது வேற, பேச்சுவார்த்தை வேற. மேடைப் பேச்சு நமக்கு நல்லா வரும். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த ஆளுங்க. பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் கைதட்டலே கிடையாது. திரையில் ஒரு பத்தி ஓடும். ஒத்துக்காத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவாங்க: "உமிழ்வை [குறைக்க வேண்டும்] [குறைக்கலாம்]". அந்த அடைப்புக்குறியை எடுக்கத்தான் ராத்திரி முழுக்கச் சண்டை.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் கடைசி நாளில் நடந்ததைக் கேளுங்க. வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய வரியில் 'ஷுட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஷல்' வந்துவிட்டது. முதலாவது அறிவுரை, இரண்டாவது சட்டக் கட்டாயம். அமெரிக்கா ஏற்க மறுத்தது. மொத்த ஒப்பந்தமும் அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் அச்சுப்பிழைத் திருத்தம் என்ற பெயரில் வாசித்து மாற்றி, சுத்தியலைத் தட்டினார்கள். கிளாஸ்கோவில் நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்பதைப் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றச் சொன்னது நம்ம இந்தியா. அது சரியா தப்பா என்று எங்கள் ஹாஸ்டலில் இன்னும் முடிவாகலை. நிலக்கரியை நம்பி எரியும் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் அந்த விவாதமும் நடக்குது.

இவ்வளவு இழுபறிக்கு ஒரு காரணம், அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. வாக்களிப்பு விதியை நாடுகள் இதுவரைக்கும் ஏற்கவே இல்லை. அதனால எல்லாரும் ஒத்துக்கிட்டால்தான் முடிவு.

ஓட்டே போடாமல் முடிவெடுப்பதை 300 வருஷத்துக்கு மேலாகப் பழகி வரும் ஒரு சின்னக் கூட்டம் உலகத்தில் இருக்கு. குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு; தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். கூட்டத்தில் மௌனமாக உட்காருவாங்க. ஒருத்தர் பேசினதும் அடுத்தவர் உடனே பாய மாட்டார். கொஞ்ச நேரம் அமைதி. எழுத்தர், கூட்டத்தின் மனம் எங்கே வந்து நிற்கிறதென்று ஒரு குறிப்பு எழுதி அங்கேயே வாசிப்பார். எல்லாருக்கும் சரின்னா பதிவாகும். இல்லைன்னா திருத்தி எழுதுவாங்க, அல்லது இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுவாங்க.

நமக்கும் இவங்க அந்நியம் இல்லை. 1928-ல் சென்னை வேப்பேரியின் பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, பிறகு குவேக்கர் ஆன மார்ஜரி சைக்ஸ், காந்தியின் சேவாகிராமத்தில் வேலை செய்தவர், கோத்தகிரியில் பல வருஷம் வாழ்ந்தவர். 1960-களில் நாகாலாந்துப் போர்நிறுத்தத்தைக் கவனிக்கப் போன குழுவிலும் இருந்தார்.

ஜெனீவாவில் இருக்கும் குவேக்கர் ஐ.நா. அலுவலகம், காலநிலைப் பேச்சில் எதிரெதிரே நிற்கும் நாட்டுப் பிரதிநிதிகளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும். பத்திரிகை கிடையாது. யார் என்ன சொன்னாங்கன்னு வெளியே போகாது. சாப்பிட்டுக்கிட்டே மனசுவிட்டுப் பேசலாம். இளம் குவேக்கர்கள் இந்த வேலைக்குத் தயாராகும்போது, மைக் பிடிப்பதற்கு முன்னாடி கேட்கப் பழகணும். மற்றது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

போன செமஸ்டரில் நாங்க பத்துப் பேர் இதை நுரை விவகாரத்தில் செய்து பார்த்தோம். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் கன்னடத் தோழனுக்குப் பாகலூர் விவசாயி வேஷம். எனக்குப் பெங்களூரு கழிவுநீர் நிலைய என்ஜினியர். விதி ஒண்ணே ஒண்ணு: எதிராளிக்குப் பதில் சொல்லும் முன், அவர் சொன்னதை நம்ம வாயால் திருப்பிச் சொல்லணும், அவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்றால்தான் அடுத்த பேச்சு. முதல் அரை மணி நேரம் ஒருத்தரும் தேறலை. ரெண்டு நிமிஷ மௌனத்தில் ஒருத்தன் சிரிச்சான், எல்லாரும் சிரிச்சோம். அப்புறம்தான் புரிஞ்சது: நான் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கிட்டு, மனசுக்குள்ள பதிலை டைப் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

நம்ம ஏரியாவுக்கு இது வெறும் விளையாட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழுசா நடைமுறைக்கு வந்தது. அதில் இரும்பு, எஃகு மட்டுமில்ல, போல்ட்டு, நட்டு, திருகாணி எல்லாம் அடக்கம். அவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பும் பட்டறைகள் பலவற்றின் உமிழ்வுக் கணக்குக்கு இனி ஒரு விலை இருக்கு. சிப்காட் பக்கம் வேலை தேடப் போற நமக்கு அதில் பங்கு இல்லையா? 2024-ல் பாக்கு மாநாட்டில் இந்தியா உள்ளிட்ட நாடுகள் இந்த மாதிரி ஒருதலைப்பட்ச வர்த்தக நடவடிக்கைகளைப் பேசணும்னு கேட்டதுக்கு இதுதான் பின்னணி.

போகும் வழியையும் சொல்லிடுறேன். உள்ளே போக பார்வையாளர் அட்டை வேணும். அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகத்தான் கிடைக்கும். இளைஞர்களுக்கென்றே 'யங்கோ' என்ற பிரிவு இருக்கு. ஒவ்வொரு மாநாட்டுக்கும் முன்னாடி இளைஞர் மாநாடு நடக்கும். 2005-ல் மாண்ட்ரீலில் ஆரம்பிச்சது. ஜூனில் ஜெர்மனியின் பான் நகரில் நடக்கும் கூட்டத்தில் கூட்டமும் கேமராவும் குறைவு. கத்துக்க அதுதான் நல்ல இடம். பயணச் செலவு நம்ம கைக்கு எட்டாதுன்னா, வரைவு உரைகளும் தினசரி 'எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்' செய்திகளும் இணையத்தில் இலவசம். ஒரு மாநாட்டின் ஒரே ஒரு விவாதப் பொருளை எடுத்து, ரெண்டு வாரம் விடாமல் படிச்சுப் பாருங்க.

எங்க நுரை ஒப்பந்தம் மூணு மணி நேரத்தில் நாலு வரி வந்தது. மூணு வரியில் அடைப்புக்குறி போயிடுச்சு. நாலாவது இப்படி நிக்குது: "சுத்திகரிப்புச் செலவை [கழிவை விடும் நகரம்] [இரு மாநிலங்களும்] ஏற்கும்." வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிஞ்சதும் மெக்கானிக்கல் பிளாக் மாடியில் மறுபடி உட்காருறோம். விவசாயி வேஷத்துக்கு இந்தத் தடவை ஆள் வேணும். தமிழ் பேசத் தெரிஞ்சா போதும், கன்னடம் தெரிஞ்சா இன்னும் நல்லது.