உடையவனையே தடுக்கும் பூட்டு
ஓடாத மோட்டார் காரின் நோயறியும் முறை

கள்வனைத் தடுப்பதற்கென்று பூட்டிய பூட்டு, ஒரு நாள் உடையவனையே வாசலில் நிறுத்திவிட்டால் என் செய்வது? வீட்டுப் பூட்டாயின் கொல்லனை அழைக்கலாம். அவசரமாயின் உடைத்துக்கொண்டு உள்ளே புகலாம். மோட்டார் காரினுள் மறைந்து கிடக்கும் மின்பூட்டோ கண்ணுக்குத் தெரிவதுமில்லை, கையால் உடைபடுவதுமில்லை. அதன் இயல்பை அறியாதவர், நல்ல பற்றரியையும் நல்ல மோட்டரையும் கழற்றி மாற்றிப் பணத்தைப் பாழாக்குகின்றனர்.

மாங்கேணி போன்ற ஓர் ஊரில் இது பணத்தோடு மட்டும் முடிகின்ற காரியமன்று. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே, கடலையும் களப்பையும் அண்டி அமைந்த ஊர் அது. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. வாழைச்சேனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். கார் உறுமுகின்றது, ஆனால் உயிர் பெறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வேளையில் காரோடு மல்லுக்கட்டுவதை விடுத்து, 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைப்பதே அறிவுடைமை. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய அச்சேவைக்குக் கட்டணம் இல்லை. பிள்ளையை அனுப்பிய பின்னர் காரின் நோயை ஆறுதலாக ஆராயலாம்.

நம் நாட்டிற் பழைய கார்கள் மிகுந்திருப்பதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளிலும், இருந்த வண்டியையே பேணி ஓட்டவேண்டிய நிலைமை குடும்பங்களுக்கு ஏற்பட்டது. வண்டி முதுமையடையும்போது அதன் பூட்டும் முதுமையடைகின்றதன்றோ?

பூட்டு வளர்ந்த வரலாறு

காரை மின்சாரத்தால் முடக்கிவைக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டிலேயே அத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது கோர்வெட் காரின் திறப்பில் சிறியதொரு மின்தடையைப் பதித்தது. பதினைந்து வகையான தடைகளுள் அந்தக் காருக்கு உரியது எதுவோ அது பதிந்த திறப்புக்கே இயந்திரம் இசையும். வேறொன்றை இட்டால் சில நிமிடங்கள் வரை அசையாது.

1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் மின்தடையின் இடத்தைச் சிப் பிடித்துக்கொண்டது. திறப்பின் தலைப்பகுதியில் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிதான ஒரு சிப் இருக்கும். அதற்குப் பற்றரி வேண்டியதில்லை. திறப்பு நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் அமைந்திருக்கின்றது. நாம் திறப்பைத் திருப்பியதும் அச்சுருளின் காந்தப்புலம் சிப்புக்குச் சக்தியை ஊட்டுகின்றது. சிப் தன் இரகசிய இலக்கத்தைச் சொல்லுகின்றது. காரின் கணினி அதனை ஏற்றுக்கொண்டால் பெற்றோலும் தீப்பொறியும் கிடைக்கும், இல்லையேல் இல்லை. சில கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டரும் சுழலாது.

ஐரோப்பிய நாடுகள் 1998 முதல் புதிய கார்கள் யாவற்றிலும் இதனைக் கட்டாயமாக்கின. ஒல்லாந்து தேசத்துக் களவுகளை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, 1995 முதல் 2008 வரையான காலத்தில் இக்கருவியால் கார்க்களவு சராசரியாக நூற்றுக்கு 40 பங்கு குறைந்ததென மதிப்பிட்டது. ஆகவே பூட்டின் பயனை ஐயுறவேண்டியதில்லை. அதன் குணத்தை அறிந்துகொள்வதே நமக்கு வேண்டுவது.

நோயை அறிவது எவ்வாறு?

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியனை யாரும் நம்புவதில்லை. காருக்கும் நாடி உண்டு. திறப்பைத் திருப்பும்போது கேட்கும் ஒலியே அது.

‘டிக்’ என்ற ஒலியோடு நின்றாலும், விளக்குகள் மங்கினாலும் முதலிற் பற்றரியையும் அதன் முனைகளையும் பார்க்கவேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் முனைகள் விரைவிற் பூத்துவிடுகின்றன. ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். இயந்திரத்தைச் சுழற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கலாகாது. இறங்கினால் கணினியே தடுமாறித் தன் திறப்பை அடையாளங் காணத் தவறுவதும் உண்டு. ஆதலால் பூட்டின்மேற் குற்றஞ் சாட்டுமுன் பற்றரியைச் சோதித்தல் முறை.

ஸ்டார்ட்டர் வலிமையோடு சுழன்றும் இயந்திரம் பற்றவில்லையாயின், பெற்றோல், தீப்பொறி, மின்பூட்டு ஆகிய மூன்றில் ஒன்றிற் குறை உண்டு. பற்றிய இயந்திரம் ஓரிரு விநாடியில் அணைந்துவிட்டால் மின்பூட்டின்மேல் ஐயம் வலுக்கின்றது.

அந்த ஐயத்தைத் தெளிவிக்கும் சாட்சி டாஷ்போர்டில் இருக்கின்றது. திறப்பு வடிவமோ பூட்டு வடிவமோ கொண்ட ஒரு சிறு விளக்கு அது. பல ஹொண்டா கார்களில் பச்சை நிறத் திறப்பு விளக்கு சில விநாடி எரிந்து அணைதல் இயல்பு; இடைவிடாது மின்னினால் திறப்பைக் கார் அறியவில்லை என்பது பொருள். பல டொயோட்டா கார்களில் வண்டி நிற்கும்போது மின்னும் சிவப்பு விளக்கு, திறப்பை இட்டதும் அணையவேண்டும். அணையாது மின்னுவதே குறை. காருக்குக் கார் இது வேறுபடுவதால், வண்டி நலமாயிருக்கும் நாளிலேயே அவ்விளக்கின் வழக்கத்தைக் கவனித்து வைத்தல் நன்று. அத்தகைய விளக்கே இல்லாத கார்களும் உண்டு. ஒரே வகைக் கார்களுள்ளும் ஒன்றில் மின்பூட்டு இருக்கும், மற்றொன்றில் இராது.

அடுத்து, இரண்டாவது திறப்பை எடுத்துச் சோதியுங்கள். கார் உடனே ஓடினால் குற்றம் முதலாவது திறப்பினுடையதே. இங்கே ஓர் எச்சரிக்கை: உடைந்த திறப்பின் பிளாஸ்டிக் உறையை மாற்றும்போது பழைய உறைக்குள் ஒட்டியிருக்கும் சிப்பையும் சேர்த்து எறிந்துவிடுவோர் பலர். புதிய திறப்புக் கதவைத் திறக்கும், துவாரத்திலும் திரும்பும். இயந்திரம் மட்டும் இசையாது. ஒரே வளையத்தில் வேறொரு காரின் சிப் திறப்புக் கோத்திருந்தாலும் குழப்பம் நேரலாம். அதனைக் கழற்றிவிட்டு மீண்டும் முயல்க. கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் பொத்தானின் பற்றரி தீர்ந்தால் இயந்திரமும் ஓடாதென்று எண்ணுவோர் உளர். துவாரத்தில் இட்டுத் திருப்பும் திறப்பைப் பொறுத்தவரை அது தவறு. பொத்தானை அழுத்தி இயக்கும் காராயின், பற்றரி தீர்ந்த திறப்பை அப்பொத்தானுக்கு அருகிற் பிடித்து இயக்கும் வழி பெரும்பாலானவற்றில் உண்டு.

இரண்டு திறப்புகளும் பயன்படவில்லையாயின் பியூசுகளையும், துவாரத்தைச் சுற்றிய கம்பிச்சுருளின் இணைப்பையும் பார்க்கவேண்டும். மாரிகால வெள்ளத்தைக் கடந்து வந்த வண்டியில் இணைப்புகளுட் பச்சை படிந்திருத்தல் கூடும். பின்னர் யாரேனும் பொருத்திய அலாரம் இருக்கின்றதா என்றும் விசாரியுங்கள். ஸ்டார்ட்டருக்கோ பெற்றோல் பம்பிற்கோ செல்லும் கம்பியை வெட்டி, நடுவில் ஒரு ரிலேயை வைத்துக் கட்டுவதே அத்தகைய பல அலாரங்களின் முறை. ஆண்டுகள் கழிந்து அந்த ரிலே செத்துப்போனால், காரும் உடன் செத்ததுபோலக் கிடக்கும். வண்டியை முன்னர் வைத்திருந்தவரைக் கேட்டால் ஒளித்துவைத்த ஆளியொன்றின் கதை வெளிவருதலும் உண்டு.

தவிர்க்க வேண்டியவை

தள்ளிவிட்டுப் பார்ப்பது இதற்கு மருந்தன்று. இலக்கத்தை ஏற்காத கணினி, தள்ளினாலும் ஏற்காது. கம்பியை வெட்டி ஒட்டுவது தீப்பிடிக்கும் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். பழைய கணினியைக் கழற்றி, உடைத்த காரிலிருந்து வேறொன்றைப் பூட்டுவதும் எளிதன்று. அந்தக் கணினி தன் பழைய எசமானின் திறப்பையே நினைத்திருக்கும். இரண்டையும் ஒருங்கே பழக்கத் தகுந்த கருவி வேண்டும். அக்கருவியைத் தேடி மாங்கேணியிலிருந்து வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ வண்டியை இழுத்துச் செல்லவேண்டி வரலாம்.

எல்லாவற்றிலும் எளிய காப்பு ஒன்றுண்டு. ஒரேயொரு திறப்பு மிஞ்சியிருக்கும்போதே இரண்டாவதைச் செய்துவைத்தல் அது. ஒன்று கையிலிருந்தால் மற்றொன்றைப் பழக்குவது இலகு. எல்லாம் தொலைந்தபின் செலவு பன்மடங்காகின்றது. இரண்டாவது திறப்பை அலுமாரியிலே தூங்கவிடாமல், மாதம் ஒரு முறையேனும் அதனைக் கொண்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள மாணவர்களுக்கும் அவ்விளக்கின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை கார் மறுக்கும்போது, ஸ்பானரை எடுக்குமுன் விளக்கைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வாய்த்திருக்கும்.